நாக்கு ராது

மத்தியானம் ஒன்றரை மணிக்கு எங்கள் பால்வாடியில் இருபத்திரண்டு குழந்தைகள் தூங்கும். சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்த ஈரம் வாசலில் காய்ந்துகொண்டிருக்கும். யூகலிப்டஸ் மரங்களின் ஊடாக வரும் காற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒரு தரம் முனகி அடங்கும். தொலைவில் ஏதோ ஒரு கம்பெனியில் இரண்டாம் ஷிப்டுக்குச் சங்கு ஊதும். அந்தச் சங்குக்குக்கூட எந்தக் குழந்தையும் அசையாது. கோரைப்பாய்களில் கையும் காலுமாக ஒன்றின்மேல் ஒன்று கிடக்கிற அந்தக் குழந்தைகளுக்கு நடுவில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தபாலில் வந்த பாடப் புத்தகத்தை மடியில் விரித்துவைத்து நான் பி.ஏ. படித்தேன். என் படிப்பை நினைத்தால் கல்லூரிக் கட்டடம் எதுவும் கண்ணில் வருவதில்லை. அந்தக் குழந்தைகளின் மூச்சுச் சத்தம்தான் வருகிறது. அது ஏறி இறங்குவதைக் கேட்டபடியேதான் ஒவ்வொரு வரியையும் வாசித்திருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் அது. நான் கீழத்தஞ்சையிலிருந்து வாழ்க்கைப்பட்டு ஓசூருக்கு வந்தவள். வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் வேலை. தட்டையான வயல்களையும் வெக்கையையும் மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்கு, சித்திரையிலும் காலையில் போர்வை தேடவைத்த இந்த ஊர் வேறு தேசம் போலிருந்தது. பனி விலகும்போது ரோஜாத் தோட்டம் ஒன்று மெல்லத் தெரியும். அதை ஒட்டி ஒரு புகைபோக்கி தெரியும். குழாயடியில் நான்கு பெண்கள் நின்றால் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்து போகும். எனக்கு அது குழப்பமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் இளக்காரமாகவும் இருந்தது. நான் நல்ல தமிழ் பேசுகிறவள் என்று ஒரு நினைப்பு.

பால்வாடி வேலை கிடைத்த மறு வருஷம் அஞ்சல் வழியில் பி.ஏ. சமூகவியலுக்கு எழுதிப் போட்டேன். பட்டம் இருந்தால் மேற்பார்வையாளர் வேலைக்குப் போகலாம் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். அது ஒரு காரணம். பிளஸ் டூவோடு நிறுத்தப்பட்ட நாளில் எனக்குள் ஏதோ பாதியில் நின்றுபோனது. அதைப் போய் எடுத்துவர வேண்டும் என்று ஒரு தவிப்பு. அதுதான் பெரிய காரணம். படித்ததையெல்லாம் உடனே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்ற வேகம் வேறு. மாதம் ஒரு முறை பால்வாடியில் தாய்மார் கூட்டம் நடக்கும். சத்துமாவு வாங்க வருகிறவர்களை உட்காரவைத்து, தடுப்பூசி, பேதிக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் என்று நாங்கள் பேச வேண்டும். நான் அதோடு என் பாடத்தையும் சேர்த்துப் பேசினேன். குழந்தையின் மனம், குழந்தையின் மொழி என்றெல்லாம் சொல்லும்போது, முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் தலையாட்டுவார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

பாப்பா அங்கே சேர்ந்தது ஒரு செப்டம்பரில். பதிவேட்டில் அவளுக்கு அழகான பெயர் ஒன்று இருந்தது. நாங்கள் எல்லோரும் பாப்பா என்றே கூப்பிட்டோம். மூன்று வயது. பெரிய கண்கள். நெற்றியில் கறுப்புப் பொட்டு எப்போதும் ஒரு பக்கம் கலைந்திருக்கும். அழமாட்டாள். அடம் பிடிக்கமாட்டாள். பேசவும் மாட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் பானையைப் பார்ப்பாள். மற்றக் குழந்தைகள் பாட்டுக்குக் கைதட்டினால் சத்தம் வராமல் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துவைப்பாள். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவாள், ஆகவே காது கேட்டது. ஆஸ்பத்திரியிலும் காதில் குறையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் அம்மாவும் அதே மாதிரிதான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். வேப்பனப்பள்ளிக்கும் அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு மாந்தோப்பு ஊரில் பிறந்தவள். கணவன் கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழ்க்காரன். அவர்களுக்குள் தூரத்துச் சொந்தம். அவனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்ததும் மூவரும் எங்கள் காலனியின் லைன் வீடு ஒன்றுக்கு வந்தார்கள். ஷிப்டுக்கு மேல் ஓவர்டைமும் பார்த்துவிட்டு, தூங்க மட்டும்தான் அவன் வீட்டுக்கு வருவான். காலையில் குழந்தையைக் கொண்டுவந்து விடுவாள், சாயங்காலம் கூட்டிப் போவாள். என்னைப் பார்த்தால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சிரிப்பாள். அவ்வளவுதான்.

மூன்றாம் ஆண்டில் எங்களுக்குக் களப்பணி அறிக்கை ஒன்று உண்டு. ஒரு குழந்தையையும் அதன் குடும்பத்தையும் மூன்று மாதம் கவனித்து எழுத வேண்டும். எந்தக் குழந்தை என்று நான் யோசிக்கவே இல்லை. டிசம்பரிலிருந்து வாரம் ஒரு நாள் பாப்பாவின் வீட்டுக்குப் போனேன். ஒரு அறை, தடுப்புக்குப் பின்னால் அடுப்பு, கம்பியில் மடித்துப் போட்ட துணிகள். எல்லாம் துடைத்துவைத்தது போல் சுத்தம். அம்மா ராகி புடைப்பாள். குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து கீழே விழுந்த மணிகளைப் பொறுக்கி முறத்தில் போடும். அம்மா கையை நீட்டினால் குழந்தை தம்ளரைக் கொடுக்கும். குழந்தை முதுகைக் காட்டினால் அம்மா சொறிந்துவிடுவாள். தண்ணீருக்கடியில் நடப்பதைப் பார்ப்பது போலிருக்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தும் ஒரு சொல் கேட்காமல் எழுந்து வந்திருக்கிறேன்.

ஒரு நாள் நேராகவே கேட்டேன். "ஏம்மா, புள்ளகிட்ட ரெண்டு வார்த்தை பேசுனா என்ன?"

அவள் முறத்தைப் பார்த்துக்கொண்டே, "நாக்கு ராது டீச்சர்" என்றாள்.

நாக்கு வராது. நாக்கு புரளாது. நான் அப்படித்தான் கேட்டேன், அப்படித்தான் நோட்டில் எழுதினேன். 'தாய்க்கே பேச்சில் குறை இருப்பதாகத் தெரிகிறது. அது பரம்பரையாக இருக்கலாம். தாய் குழந்தையோடு உரையாடுவதில்லை. குழந்தையின் மனத்தேவை புறக்கணிக்கப்படுகிறது.' கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நேர்முக வகுப்பு நடக்கும். அங்கே எங்கள் விரிவுரையாளர் என் நோட்டை வாங்கிப் புரட்டி, "நல்ல கேஸும்மா. இத விட்டுடாதீங்க" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில், சூளகிரி மலை தங்க நிறத்தில் பின்னால் போவதைப் பார்த்தபடி, நான் ஏற்கெனவே மேற்பார்வையாளர் ஆகிவிட்டது போல் உட்கார்ந்திருந்தேன். நல்ல கேஸ் என்ற சொல் இனிப்பாக இருந்தது. அது யாரைப் பற்றியது என்று அப்போது தோன்றவில்லை.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம். அறிக்கையின் கடைசிப் பக்கங்களை நல்ல கையெழுத்தில் படி எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. குழந்தைகள் தூக்கத்தில் உளறுவது எனக்குப் பழகிப்போன ஒன்று. ஒன்று கன்னடத்தில் யாரையோ அதட்டும். இன்னொன்று தமிழில் "என்னுது, என்னுது" என்னும். அவற்றின் கனவுகள் பாய்க்குப் பாய் வேறு வேறு ஊர்களில் நடக்கும். அன்று என் காலுக்குப் பக்கத்திலிருந்து ஒரு புதுக் குரல் வந்தது. சின்னக் குரல், கொஞ்சம் கரகரப்பாக.

"ஆவு ஒச்சிந்தி."

குனிந்து பார்த்தேன். பாப்பா கண் மூடித்தான் இருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. "ஒச்சிந்தி, ஒச்சிந்தி" என்று இன்னும் இரண்டு முறை சொன்னாள். யாருக்கோ சந்தோஷமாகச் சேதி சொல்கிற குரல். பிறகு சிரித்தாள். பிறகு புரண்டு படுத்துக்கொண்டாள்.

சமையலறை வாசலில் எங்கள் பால்வாடி ஆயாம்மா உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தேன்கனிக்கோட்டைப் பக்கம், யானை வந்து ராகிக் கொல்லையை மிதித்துவிட்டுப் போகிற ஒரு ஊர் அவருக்கு. வீட்டில் கன்னடம், மற்ற மொழிகளெல்லாம் சந்தையிலும் வேலையிலும் பழகியவை. அவரும் கேட்டிருந்தார்.

"பசு வந்துட்ச்சின்னு சொல்லுது டீச்சரம்மா. தெலுங்கு. அவுங்கம்மா ஊர்ல மாடு இருக்கும் போல."

"இவளுக்குப் பேச வருமா?"

"நல்லாத்தான பேசுது."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "ஆனா அவங்க அம்மாவே நாக்கு வராதுன்னு சொல்லுச்சே ஆயாம்மா."

"எப்பிடிச் சொல்லுச்சு?"

"நாக்கு ராதுன்னு."

ஆயாம்மா பருப்பிலிருந்து கையை எடுத்தார். என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியும் பரிதாபம் பாதியும் இருந்தன. "தெலுங்குல நாக்குன்னா எனக்குன்னு அர்த்தம் டீச்சரம்மா. எனக்கு வராதுன்னு சொல்லிக்கீது அந்தப் பொண்ணு. நீங்க இன்னா கேட்டீங்களோ, அதுக்கு."

எனக்கு வராது. எது வராது? அதைக் கேட்காமல் நான் முப்பது பக்கம் எழுதியிருந்தேன்.

அன்று சாயங்காலம் பால்வாடியைப் பூட்டியதும், ஆயாம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அறிக்கை கைப்பையில் இருந்தது. அவள் வாசலில் உட்கார்ந்து பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து பாய் விரித்தாள். நான் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டேன், எது வராது என்று. அவள் ஆயாம்மாவைப் பார்த்தாள். ஆயாம்மா தெலுங்கில் ஏதோ சொன்னார். அவள் தமிழிலேயே பதில் சொன்னாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துவைத்தாள்.

"நீங்களேதான சொன்னீங்க டீச்சர். கூட்டத்துல. வீட்ல தமிழே பேசணும், வேற பாஷ பேசுனா புள்ள கொழம்பிப் போகும், ஸ்கூல்ல பின்னாடி நிக்கும்னு. இவுங்கப்பாகிட்டச் சொன்னேன். டீச்சரம்மா படிச்சவுங்க, சரியாத்தான் சொல்வாங்கன்னாரு."

ஜூன் மாதக் கூட்டம். எனக்கு நினைவு வந்தது. மூன்றாவது வரிசையில், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மடியில் குழந்தையோடு, நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிய புதுப் பெண். பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்ததா, நான் அப்படிப் புரிந்துகொண்டேனா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

"நாக்கு தமிழ் ராது டீச்சர். கடையில பேசறது வரும். உப்பு குடு, எண்ணெ குடு, பஸ் எப்போ. புள்ளகிட்ட அத்தயா பேசறது?" அவள் பாப்பாவின் தலையைத் தடவினாள். "அதான் சும்மா இருந்துட்டேன். இவளும் மொதல்ல கேட்டுக் கேட்டுப் பாத்தா. நான் உஸ்ஸுன்னேன். அப்புறம் கேக்கறத உட்டுட்டா. தூக்கத்துல பேசுவா. நான் பக்கத்துல படுத்துக் கேட்டுக்கினே இருப்பேன்."

அவள் குரலில் குறை சொல்லும் தொனி துளியும் இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும். எட்டு மாதம். நான் சொன்ன ஒரு சொல்லை நம்பி, தன் குழந்தையிடம் பேசாமல் எட்டு மாதம் இருந்திருக்கிறாள். அதைத்தான் நான் புறக்கணிப்பு என்று நல்ல கையெழுத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

மறைத்துவைக்க முடியவில்லை. பையிலிருந்து அறிக்கையை எடுத்து, உங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன், என் பரீட்சைக்கு, என்றேன். அவள் அட்டையைத் தொட்டுப் பார்த்தாள். வாசித்துக்காட்டச் சொன்னாள். வீடு சுத்தமாக இருந்ததை எழுதியிருந்த இடத்தில் சிரித்தாள். குழந்தை ராகி பொறுக்கியதை எழுதியிருந்த இடத்தில், "அதெல்லாமா எழுதுவாங்க?" என்று கேட்டாள். பிறகு அந்த வரி வந்தது. தாண்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வாசித்தேன். புறக்கணிப்பு என்றால் என்ன என்று ஆயாம்மாவிடம் கேட்டாள். ஆயாம்மா தரையைப் பார்த்தபடி தெலுங்கில் தாழ்ந்த குரலில் சொன்னார்.

அவள் எழுந்து தடுப்புக்குப் பின்னால் போய்விட்டாள். பாப்பா தடுப்பையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிய ஈரத்தோடு வந்தாள். இரண்டு தம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்தாள். "அது ஒண்ண மட்டும் எடுத்துடுங்க டீச்சர்" என்றாள். "மத்ததெல்லாம் இருக்கட்டும்."

எடுத்துவிடுகிறேன் என்றேன். நான் சொன்னது தப்பு என்றேன். தெலுங்கிலேயே பேசுங்கள், இப்போதே பேசுங்கள் என்றேன். அவள் வெட்கத்தோடு குழந்தையின் பக்கம் திரும்பி, "தா" என்றாள். வா என்று அர்த்தம். பாப்பா நகரவில்லை. அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தது. இது அனுமதியா என்று கேட்கிற பார்வை. மூன்றரை வயதுக் குழந்தை தன் அம்மாவிடம் பேசுவதற்கு என் முகத்தைப் பார்த்தது.

ஆயாம்மாதான் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். இரண்டு வீடு தள்ளி, குழாயடிக் கல்லில் உட்கார்ந்தோம். ஜெனரல் ஷிப்டு முடிந்து சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. மலைப் பக்கமிருந்து குளிர் இறங்கத் தொடங்கியது. உள்ளே அவள் பேச ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, தடுக்கித் தடுக்கி, பிறகு ஒரு ஓட்டமாக. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆயாம்மா அர்த்தம் சொல்ல வாயெடுத்தார்; வேண்டாம் என்று சைகை காட்டினேன். வெகுநேரத்துக்குப் பிறகு, பகலில் தூக்கத்தில் கேட்ட அந்தக் கரகரத்த குரல் கேட்டது. ஒரு கேள்வி. அதற்கு அம்மாவின் பதில். இன்னொரு கேள்வி. மழை முதலில் பொட்டுப் பொட்டாக விழுந்து பிறகு பிடித்துக்கொள்வதைப் போல, அந்தக் கேள்விகள் நிற்காமல் வந்தன.

அறிக்கையைத் திரும்ப எழுதினேன். ஒரு வரியை மட்டும் எடுத்தால் போதாது என்று தெரிந்துவிட்டது. ஜூன் மாதக் கூட்டத்திலிருந்து தொடங்கி, நான் சொன்னதையும் அதனால் நேர்ந்ததையும் எழுதினேன். விரிவுரையாளர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கேஸ ஸ்டடி பண்ணச் சொன்னா, உங்கள நீங்களே ஸ்டடி பண்ணி வச்சிருக்கீங்களேம்மா. ஆராய்ச்சி பண்றவங்க உள்ள வரக் கூடாது. பழசே நல்லா இருந்துச்சு, அதையே குடுங்க." கெட்ட மனிதர் அல்ல, நான் தேற வேண்டும் என்றுதான் சொன்னார். பழையதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. புதியதையே கொடுத்தேன். அந்தத் தாள் ஒன்றில் மட்டும் தோற்றேன். அந்த வருஷம் மேற்பார்வையாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். என்னால் விண்ணப்பிக்க முடியவில்லை. வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அடுத்த வருஷம் எழுது, போ" என்றார்.

அடுத்த தாய்மார் கூட்டத்தில், நான் முன்பு சொன்னது தவறு, உங்களுக்கு எந்தப் பேச்சு வாயில் வருகிறதோ அதிலேயே குழந்தையிடம் பேசுங்கள் என்றேன். கன்னடக்காரப் பெண் ஒருத்தி, "நாங்க எப்போ நிறுத்துனோம்?" என்று சிரித்தாள். வீட்டில் தமிழே பேசுகிற பாய் வீட்டு அக்கா ஒருவர், "அப்போ எங்களுக்கு ஒண்ணும் மாத்தம் இல்லியா டீச்சர்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டது அந்த ஒருத்திதான் போலிருக்கிறது. மூன்றாவது வரிசையில் அவளும் சிரித்தாள்.

பாப்பா பிறகு பேச்சை நிறுத்தவே இல்லை. முதலில் தெலுங்கு, மழைக்காலத்துக்குள் மற்றக் குழந்தைகளிடமிருந்து தமிழ், ஆயாம்மாவிடம் கன்னடத்தில் வெல்லம் கேட்கும். மறு வருஷம் அவள் அப்பாவின் வேலை போய், மூவரும் ஊரோடு போய்விட்டார்கள். நான் லீவில் இருந்த வாரம் அது. சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. அந்த வருஷம் அறிக்கைக்கு வேறு தலைப்பும் எடுக்கலாம் என்றார்கள், நான் காலனிக் குழாயடி வரிசையைப் பற்றி எழுதினேன். நல்ல மதிப்பெண் வந்தது. பட்டமும் வந்தது.

அந்த லைன் வீடுகள் இருந்த இடத்தில் இப்போது மாடிக் கட்டடங்கள். நானும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். என் படிப்பை யாராவது பாராட்டினால், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு மாம்பழக் காலத்தில், கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் நின்ற ஒரு மத்தியானம் கனவு போல எழுந்து வரும். அப்போது நான் மேற்பார்வையாளர் ஆகி இரண்டு வருஷம். மீட்டிங் முடிந்து பஸ்ஸுக்கு நின்றேன். கூடை கூடையாகப் பழம், காற்றே இனித்தது. "டீச்சர்" என்று ஒரு குரல். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அவள் நின்றாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். பக்கத்தில் பள்ளிச் சீருடையில், ரெட்டைச் சடையோடு ஒரு பெண். ஒன்பது வயதிருக்கும்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொல்ல வந்தாள். தமிழில் தொடங்கி, நிறுத்தி, மகளிடம் தெலுங்கில் வேகமாகச் சொன்னாள். முக்கியமான ஒன்றைப் பிழையில்லாமல் சொல்ல வேண்டும் என்ற கவலை முகத்தில் தெரிந்தது. பாப்பா கேட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பி, பாடம் ஒப்பிப்பது போல் நிமிர்ந்து நின்றாள்.

"அம்மா கேக்கறாங்க. எங்களப் பத்தி எழுதுனீங்களே, அந்தப் பரீட்சையில பாஸ் ஆனீங்களா, இல்ல, அத எடுக்கச் சொன்னதுனால உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்ச்சான்னு. ரொம்ப நாளா அம்மாவுக்கு அதே நெனப்பு."

"பாஸ் ஆயிட்டேன்னு சொல்லு" என்றேன். சொல்ல வேண்டியது இன்னும் எவ்வளவோ இருந்தது.

பாப்பா சொன்னாள். அவள் அம்மா என் கையை இன்னும் ஒரு முறை அழுத்தி, விட்டாள். வேப்பனப்பள்ளி பஸ் கிளம்பிவிட்டது என்று யாரோ கத்த, இருவரும் ஓடிப் போய் ஏறினார்கள். ஜன்னலோரம் பாப்பா உட்கார்ந்தாள். வண்டி திரும்பும் வரை அவள் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா அம்மாவின் பக்கம் திரும்பி, கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். எந்தப் பாஷையில் என்று வண்டிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.